கபினெட் ஸ்மோக்கர்: கையில் இருக்கிற காசுக்கு நல்லதாக ஒன்று எடுப்பது எப்படி?

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் பின்வளவில் ஒரு கறுப்பு இரும்பு அலுமாரி நிற்கிறது. சனிக்கிழமை மத்தியானம் அதன் குழாயால் புகை கிளம்பினால், பொழுதுபடுவதற்குள் யாராவது மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து "இது எங்கே வாங்கினது?" என்று கேட்காமல் இருப்பதில்லை. அதற்கு அடுத்து வரும் கேள்விகளும் ஏறக்குறைய எல்லோரிடமும் ஒன்றுதான். ஆளுக்கு ஆள் திருப்பித் திருப்பிச் சொல்வதை விட எழுதி வைப்பது சுகம் என்று தோன்றியது.

கபினெட் ஸ்மோக்கர் என்றால் என்ன? கடற்கரையில் நாங்கள் சுடுகிற அடுப்புக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

கதவு வைத்த, நிமிர்ந்து நிற்கிற பெட்டி. அடியில் நெருப்பு, அதற்கு மேல் ஒரு தண்ணீர்த் தட்டு, அதற்கும் மேல் மூன்று நான்கு கம்பித் தட்டுகள், உச்சியில் புகைக்குழாய். அவ்வளவுதான்.

கடற்கரை அடுப்பில் தணலுக்கு நேர் மேலே இறைச்சியை வாட்டுகிறோம். அரை மணித்தியாலத்தில் வேலை முடிந்துவிடும். இதில் 105 முதல் 120 பாகை செல்சியஸ் சூட்டில், மெல்லிய புகைக்குள், இறைச்சி மணிக்கணக்காகக் கிடக்கிறது. நெஞ்சுப் பகுதி, தோள் போன்ற சவ்வு நிறைந்த துண்டுகளில் உள்ள கொலாஜன் உருகி ஜெலட்டின் ஆவதற்கு அந்த நேரம் வேண்டும். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பாபிகியூ என்று சொல்வது இதைத்தான். நாம் பாபிகியூ என்று சொல்வதை அவர்கள் கிரில் என்பார்கள்.

எங்களுக்கு ஒன்றும் புதிய விஷயம் இல்லை. யாழ்ப்பாணத்தில் பொச்சுமட்டைப் புகையில் புகையிலை பதப்படுத்துகிறார்கள். சிரட்டையை எரித்துக் கொப்பரை காயவைக்கிறார்கள். மாசிக் கருவாட்டின் அந்த வாசமும் புகையால் வந்ததுதான். கீழே நெருப்பு, மேலே பண்டம், நடுவில் இடைவெளி.

பரல் போதாதா? எதற்கு அலுமாரி?

காசு உண்மையிலேயே மிகக் குறைவு என்றால் பரலே போதும். எண்ணெயோ இரசாயனமோ நிரப்பியிராத, உணவுப் பொருள் வந்த 200 லீற்றர் இரும்புப் பரல் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். உள்ளே பூச்சு இருந்தால் வெளியில் வைத்து நன்றாக எரித்து, சுரண்டி எடுத்த பிறகுதான் சமைக்கலாம். சமையல் ருசியில் பரல் எதற்கும் குறைந்தது அல்ல.

அலுமாரியின் வசதி வேறு. பரலில் கீழ்த் தட்டைப் பார்க்க மேல் தட்டைத் தூக்க வேண்டும், கரி போட எல்லாவற்றையும் தூக்க வேண்டும். கபினெட்டில் கதவைத் திறந்தால் எந்தத் தட்டும் தனியாக வெளியே வரும். சதுரமான தட்டு என்பதால் இடமும் வீணாகாது. 45 சென்ரிமீற்றர் சதுரத் தட்டு ஒன்றில் முதுகு பிளந்து விரித்த கோழி இரண்டு கிடக்கும்; நான்கு தட்டு என்றால் எட்டுக் கோழி. ஒரு பிறந்தநாளுக்குப் போதும்.

முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

கதவை. விலையை அல்ல, பெயரை அல்ல, கண்ணாடி ஜன்னலை அல்லவே அல்ல.

என் முதலாவது ஸ்மோக்கர் கொழும்பில் ஒரு கடையில் எடுத்தது. முன்னால் கண்ணாடி, கீழே சில்லு, பக்கத்தில் கைபிடி, பார்க்க லட்சணம். விரலால் தட்டினால் பிஸ்கட் டின் சத்தம் வந்தது. அப்போதே விளங்கியிருக்க வேண்டும். முதல் நாள் சூடு ஏறியதும் கதவு வாழைமடல் மாதிரி வளைந்து, மேல் மூலையில் ஒரு விரல் இடைவெளி விட்டுவிட்டது. அதற்குள்ளால் காற்றுப் போனது. காற்றுப் போனால் கரி கொழுந்துவிட்டு எரியும். 110 இல் நிற்க வேண்டியது 160 க்கு ஏறும். பயந்து அடியில் உள்ள காற்றுத் துவாரத்தை அடைத்தால் 80 க்கு இறங்கும். அன்று முழுக்க அதற்கு முன்னால் குந்தியிருந்ததுதான் மிச்சம். கண்ணாடியோ மூன்றாவது சமையலில் தார் பூசியது போல் கறுத்துவிட்டது. ஒரு மாரி கழிந்ததும் அடித்தகடு செதிள் செதிளாக உதிர்ந்தது. இப்போது அதில் அடைகோழி படுக்கிறது.

காற்று எவ்வளவு உள்ளே போகிறது என்பதுதான் நெருப்பின் அளவைத் தீர்மானிக்கிறது. நீங்கள் திறந்து மூடுகிற துவாரத்தைத் தவிர வேறு எங்காலும் காற்றுப் போனால், சூடு உங்கள் கையில் இல்லை. ஆகவே கடையில் நிற்கும்போதே ஒரு நூறு ரூபாய் நோட்டைக் கதவு இடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். பிடித்துக்கொண்டு வர வேண்டும். மேலே, கீழே, பிணைச்சல் பக்கம் எல்லா இடத்திலும் இழுங்கள். அல்லது ரோர்ச் லைட்டை எரியவிட்டு உள்ளே வைத்துக் கதவை மூடி, எங்கெல்லாம் வெளிச்சம் கசிகிறது என்று பாருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார். பார்க்கட்டும்.

சின்னக் கசிவு என்றால் மருந்து உண்டு. சூடு தாங்கும் கண்ணாடி நார்க் கயிற்றை சூடு தாங்கும் சிலிக்கனால் கதவோரத்தில் ஒட்டலாம். ஆனால் தகடே வளைகிற கதவுக்கு எந்தக் கயிறும் உதவாது. கொக்கி ஒன்று இருந்தால் போதாது, மேலே ஒன்று கீழே ஒன்று இரண்டு வேண்டும்.

தகடு எவ்வளவு தடிப்பாக இருக்க வேண்டும்?

2 மில்லிமீற்றர் என்றால் நிம்மதி. 1.5 என்றால் சமாளிக்கலாம். 1 மில்லிமீற்றருக்குக் கீழே நான் தொடமாட்டேன்.

இங்கே பலரும் தப்பாக விளங்கிக்கொள்ளும் விஷயம் ஒன்று உண்டு. தடித்த தகடு கரியை மிச்சம் பிடிக்காது. இரும்பு எவ்வளவு தடிப்பானாலும் சூட்டை வெளியே விடத்தான் செய்யும். தடிப்பின் பயன் வேறு: அது சூட்டைத் தன்னிடம் சேர்த்து வைத்திருக்கிறது. கதவைத் திறந்து மூடினாலும், திடீரென்று ஒரு காற்று அடித்தாலும் உள்ளே சூடு துள்ளாது. வளையவும் மாட்டாது. கரியை மிச்சம் பிடிப்பது காற்றுப் புகாத மூட்டும், இரட்டைச் சுவருக்கு நடுவே அடைக்கிற ராக்வூல் என்ற சூடு தாங்கும் பஞ்சும்தான்.

அப்படியானால் இரட்டைச் சுவர் கொண்டது எடுக்க வேண்டுமா? விலை அதிகமாக இருக்கிறதே.

வேண்டாம். அது பனி கொட்டும் ஊர்க்காரரின் தேவை. வெளியே 0 பாகை, உள்ளே 110 என்றால் வித்தியாசம் 110. எங்கள் ஊரில் வெளியே 32, உள்ளே 110. வித்தியாசம் 78 தான். அதாவது சுவரால் போகிற சூட்டில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கை எங்கள் வெயிலே இலவசமாக மிச்சம் பிடித்துத் தருகிறது. வெளிநாட்டு விளம்பரம் எல்லாம் இரட்டைச் சுவரைத்தான் முதலில் சொல்லும். அந்தக் காசைத் தகட்டுத் தடிப்பிலும் நல்ல கம்பித் தட்டிலும் போடுங்கள்.

கரியா, காஸா, கரண்டா?

மூன்றிலும் சமைக்கலாம், மூன்றுக்கும் தலையிடி உண்டு.

கரண்டில் இயங்குவது மிக இலகு. சூட்டை அமைத்துவிட்டு அலுவலைப் பார்க்கலாம். 800 வாற்று வரை இழுக்கிற சின்ன அலுமாரிகள் 230 வோல்ற்றில் மூன்றரை அம்பியர்தான் எடுக்கும், வீட்டு இணைப்புத் தாங்கும். ஆனால் கரண்ட் போனால் பாதி வெந்த கோழியோடு நிற்க வேண்டும். புகையும் கரியடுப்பில் வருவது போல் ஆழமாக ஏறாது. இறைச்சியை வெட்டினால் ஓரத்தில் தெரிகிற அந்த இளஞ்சிவப்பு வளையம் இதில் அநேகமாக வராது. விறகும் கரியும் எரியும்போது வருகிற நைத்திரிக் ஒக்சைட்டுதான் அதை உண்டாக்குகிறது. வளையத்துக்கு ருசி கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அழகு மட்டும்தான்.

காஸ் நடுத்தரம். சூட்டைக் கட்டுப்படுத்துவது சுலபம், விறகுத் துண்டைத் தட்டில் வைத்துப் புகை எடுக்கலாம். காற்றடித்தால் சுவாலை அணையும் என்பதுதான் பயம். அணைந்த அடுப்பில் காஸ் தேங்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2022 இல் வெற்றுச் சிலிண்டரோடு வரிசையில் நின்ற ஞாபகம் இன்னும் போகாததால், காஸை நம்பி ஒரு பொருள் வாங்க எனக்கு மனம் வரவில்லை. இது என் பயம், உங்களுக்கு இருக்க வேண்டும் என்றில்லை.

குறைந்த காசில் நல்ல ருசி வேண்டும் என்றால் கரிதான். பெட்டியும் மலிவு, பழுதாகப் போவதற்குள்ளே ஒன்றும் கிடையாது. விறகுக்கரி எடுங்கள். சிரட்டைக்கரி நல்ல சூடு, புகை குறைவு. ஆனால் துண்டுகள் சின்னதும் தட்டையுமாக இருப்பதால் அடியில் உள்ள கரிக்கூடைக்குள் நெருக்கமாக அடைந்து காற்றை மறிக்கும். இரண்டையும் கலந்தால் சரி. கூடை நிறையப் பற்றாத கரியைப் போட்டு, மேலே ஒரு மூலையில் மட்டும் நன்றாகப் பற்றிய தணல் பத்துப் பன்னிரண்டு துண்டு வையுங்கள். நெருப்பு மெதுவாகத் தானே ஊர்ந்து போகும். மூடி இறுக்கமான பெட்டியில் 3 கிலோ கரியில் எனக்கு ஐந்து மணித்தியாலம் ஓடுகிறது.

கனடாவில் இருக்கிற மாமா ஒரு கரண்ட் ஸ்மோக்கர் அனுப்புகிறேன் என்கிறார். வாங்கலாமா?

மாமாவுக்கு நன்றி சொல்லி, லேபலை ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கனடாவிலும் அமெரிக்காவிலும் 120 வோல்ற். பிராட்லி கனடாவினது, மாஸ்டர்பில்ட் அமெரிக்காவினது. அந்த நாட்டுக் கடைகளில் விற்பது 120 வோல்ற்றுக்கு உரியதாகத்தான் இருக்கும். அதை அப்படியே எங்கள் 230 இல் செருகினால் வோல்ற்று இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவுதான் கூடுகிறது, ஆனால் சூடு மூன்றரை மடங்குக்கு மேல் கூடும். 800 வாற்று கம்பி ஏறத்தாழ 2900 வாற்று இழுக்கப் பார்க்கும். கம்பி கருகும், அல்லது பெட்டியே பற்றும்.

இறக்கு மின்மாற்றி போடலாம். 1000 வாற்றுக்கு மேல் தாங்குவது வேண்டும்; பாரமும் விலையும் சேர்த்துப் பார்த்தால் இலாபம் ஒன்றும் இல்லை. இலண்டனில் உள்ள சித்தி அனுப்பினால் பரவாயில்லை, அங்கே 230 தான், பிளக்கும் மூன்று சதுர முள்.

பிராட்லியில் இன்னொன்று: அது சாதாரண விறகை எரிக்காது. தனக்கென்று செய்த மரத்தூள் வில்லையை, ஒவ்வொன்றும் இருபது நிமிடம் என்று எரிக்கும். வில்லை முடிந்தால் மாமாவின் அடுத்த பார்சல் வரும் வரை காத்திருக்க வேண்டியதுதான். காஸில் இயங்குவதும் அப்படியே. அந்த நாட்டு இணைப்பு எங்கள் சிலிண்டர் வால்வில் பூட்டாது. அனுப்பத்தான் ஆசை என்றால் நல்ல டிஜிட்டல் வெப்பமானி ஒன்றை அனுப்பச் சொல்லுங்கள். பொக்கற்றில் கொண்டுவரலாம்.

வெல்டிங் கடையில் செய்விக்கலாமா?

செய்விக்கலாம் என்பது மட்டும் அல்ல, இந்த ஊரில் அதுதான் சரி என்பது என் கட்சி. கேற்றும் ஜன்னல் கிறிலும் படகு இஞ்சின் தாங்கியும் செய்கிற கைகளுக்கு ஒரு பெட்டி பெரிய காரியம் அல்ல. கறள் பிடித்தால் வெட்டி ஒட்டவும் அவரே இருக்கிறார்.

தகட்டு விலை ஏறி இறங்குவதால் ரூபாய்க் கணக்கு எழுதவில்லை. அளவைத் தருகிறேன், இரண்டு மூன்று கடையில் கொடுத்து விலை கேளுங்கள்.

8 க்கு 4 அடி கறுப்புத் தகடு ஒன்று, 2 மில்லிமீற்றர். அதாவது 244 க்கு 122 சென்ரிமீற்றர். அகலம் 45, ஆழம் 45, உயரம் 110 என்று பெட்டி அடித்தால் ஒரே தகட்டில் முடியும். 45 க்கு 110 துண்டு ஐந்து வெட்டலாம்: மூன்று சுவருக்கு, ஒன்று கதவுக்கு, ஐந்தாவதை இரண்டாக நறுக்கினால் அடியும் மூடியும். மிஞ்சுகிற கீலங்களைக் கதவுச் சட்டத்துக்குப் பாவியுங்கள். வெறும் பெட்டி 37 கிலோ அளவில் வரும். இரண்டு பேர் தூக்கலாம்.

உள்ளே அடியிலிருந்து 25 சென்ரிமீற்றர் வரை சாம்பலுக்கும் கரிக்கூடைக்கும். 40 இல் தண்ணீர்த் தட்டு. முதல் கம்பித் தட்டு 55 இல். அதற்கு மேல் 13 சென்ரிமீற்றருக்கு ஒன்றாக இன்னும் மூன்று. நெருப்புக்கும் முதல் தட்டுக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்க விடாதீர்கள். வெல்டிங் செய்பவர் "இவ்வளவு இடம் வீணாகப் போகுதே, இன்னொரு தட்டு வைப்போம்" என்பார். அந்தத் தட்டில் வைக்கும் எல்லாம் கருகும்.

உச்சியில் மூன்று அங்குலக் குழாய். கீழே இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, இரண்டு அங்குலத் துவாரம் இரண்டு; ஒவ்வொன்றுக்கும் தள்ளித் திறக்கும் மூடி. மேல்குழாயை எப்போதும் முழுதாகத் திறந்தே வையுங்கள். சூட்டைக் கீழ்த் துவாரத்தால் மட்டும் கட்டுப்படுத்த வேண்டும். மேலே அடைத்தால் புகை உள்ளே தேங்கி, இறைச்சியில் கசப்பான கறுப்புப் பிசின் படியும்.

நாகம் (சிங்க்) பூசிய தகட்டை நெருப்புக்குப் பக்கத்திலோ உணவு படும் இடத்திலோ போட விடாதீர்கள். அதை வெல்டிங் செய்யும்போது வரும் புகை செய்பவருக்கே காய்ச்சல் வரவழைக்கும். எலுமிச்சை, வினாகிரி பூசிய இறைச்சி பட்டால் நாகம் கரையும். "கறள் பிடிக்காது தம்பி" என்று நல்ல மனதோடுதான் சொல்வார். வேண்டாம் அண்ணை என்று சொல்லிவிடுங்கள்.

பழைய பிரிஜ்ஜை மாற்றிச் செய்யலாமாமே? வீடியோவில் பார்த்தேன்.

செய்யாதீர்கள். இப்போதைய பிரிஜ்ஜின் உட்சுவர் பிளாஸ்ரிக், நடுவில் பொலியூரித்தேன் நுரை. அது சூடேறி எரிந்தால் வருகிற வாயுவில் சயனைட்டு வகையும் உண்டு. இரும்பு அலுவலக அலுமாரி என்றால் பெயின்ற் முழுவதையும் எரித்துச் சுரண்டிய பிறகு ஒப்பேற்றலாம். தகடு மெல்லியது, ஒரு வருடம் ஓடினால் புண்ணியம்.

உப்புக்காற்றில் கறள் பிடிக்காமல் காப்பது எப்படி?

கறள் பிடிக்கும். எவ்வளவு மெதுவாகப் பிடிக்கும் என்பதுதான் பேச்சு.

முதல் வேலை, இறைச்சி வைப்பதற்கு முன் வெறும் பெட்டியை 150 பாகைக்கு மேல் இரண்டு மூன்று மணித்தியாலம் எரியவிட்டு, தகட்டில் உள்ள ஆலை எண்ணெயைப் போக்குவது. ஆறியதும் உட்புறம் முழுவதும் எண்ணெயை மெல்லியதாகப் பூசித் துடைத்து, திரும்பவும் சூடாக்குங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். எங்கள் வீட்டில் கையில் முதலில் அகப்படுவது அதுதான், ஆனால் அது இரும்பில் காய்ந்து இறுகாமல் பிசுபிசுவென்று கிடக்கும். சோயா அல்லது சூரியகாந்தி எண்ணெய் இறுகிக் கறுப்புத் தோலாகப் பிடிக்கும். உள்ளே பெயின்ற் கூடாது. வெளியே சூடு தாங்கும் கறுப்புப் பெயின்ற் இரண்டு பூச்சு.

சாம்பலை அன்றன்றே அள்ளுங்கள். சாம்பல் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், அடித்தகட்டைத் தின்பது அதுதான். தண்ணீர்த் தட்டையும் இரவில் விட்டுவைக்காதீர்கள்.

கம்பித் தட்டுக்கு மட்டும் கை தாராளமாகச் செலவழியுங்கள்: 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். காந்தத்தை வைத்துப் பாருங்கள்; இறுக்கி ஒட்டினால் அது 430 போன்ற மலிவு வகை, கடற்கரையில் புள்ளி புள்ளியாகக் கறை பிடிக்கும். ஒட்டவில்லை என்பதால் மட்டும் 304 என்று நம்பிவிடவும் முடியாது, ஆனால் பாதிப் பேரை இந்தக் காந்தம் கழித்துவிடும்.

கச்சான் அடிக்கும் காலத்தில் என்ன செய்வது?

பெட்டியைத் திருப்பி வைக்கும் விதத்தில் பாதிப் பிரச்சினை தீரும். கச்சான் தென்மேற்கிலிருந்து வரும், மாரிக்காற்று வடகிழக்கிலிருந்து. இரண்டும் நேர் எதிர்த் திசை. ஆகவே கதவு தென்கிழக்கைப் பார்க்கட்டும். அப்போது இரண்டு பக்கத் துவாரங்களில் ஒன்று கச்சானையும் மற்றது மாரிக்காற்றையும் பார்க்கும். ஆடியில் தென்மேற்கு மூடியை அடைத்துவிடுங்கள், மார்கழியில் மற்றதை. நான் இதைக் கண்டுபிடிக்க இரண்டு வருடம் எடுத்தது, அதுவும் தற்செயலாக.

மழைக்குத் தகரக் கூரை ஒன்று, பக்கம் எல்லாம் திறந்தபடி.

விறாந்தையில் வைக்கலாமா?

கூடாது. கரி எரிந்தால் காபன்மொனொக்சைட்டு வரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. கதவு ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன் என்பது போதாது. வெளியே, வீட்டுச் சுவரிலிருந்தும் கிடுகு வேலியிலிருந்தும் தள்ளி.

கதவில் ஒரு வெப்பமானி இருக்கிறதே, இன்னொன்று எதற்கு?

கதவு வெப்பமானி சொல்வது கதவின் சூடு. தட்டில் உள்ள சூட்டுக்கும் அதற்கும் 20, 30 பாகை வித்தியாசம் சாதாரணம். இறைச்சிக்குள் குத்துகிற டிஜிட்டல் வெப்பமானி இல்லாமல் ஸ்மோக்கர் வாங்காதீர்கள். பெட்டிக் காசில் குறைத்தாவது இதை எடுங்கள். சரியாகக் காட்டுகிறதா என்று கொதிதண்ணீரில் பிடித்துப் பாருங்கள். கடல்மட்டத்தில் இருக்கிறோம், 100 காட்ட வேண்டும். நுவரெலியாக்காரருக்கு இந்த வசதி இல்லை.

கோழிக்கு உட்சூடு 74, மீனுக்கு 63, இழை இழையாகப் பிரிய வேண்டிய மாட்டு நெஞ்சுக்கும் தோளுக்கும் 90 தாண்டி 95 வரை. பெரிய துண்டு 65, 70 இல் வந்து மணிக்கணக்காக அசையாமல் நிற்கும். பயப்படாதீர்கள், கரியை அள்ளிப் போடவும் வேண்டாம். வியர்வை உலரும்போது உடம்பு குளிர்வது போலத்தான், இறைச்சியின் ஈரம் ஆவியாகிக் குளிர்விக்கிறது. பொறுமை இல்லை என்றால் அலுமினியத் தாளில் சுற்றுங்கள்.

எந்த விறகு?

கொய்யா. வளவில் கவ்வாத்துப் பண்ணிய கொய்யாக் கிளையை ஆறு மாதம் காயவிட்டால் வேறு ஒன்றும் தேடத் தேவையில்லை. மாவும் நல்லது. புளி மிகுந்த சூடு, அதனால் முஷ்டி அளவு ஒரு துண்டு போதும். வேம்பு கசக்கும். அலரி நஞ்சு, சுள்ளி கூட விழ விடாதீர்கள். பலகைத் தூள் பசையோடும் மருந்தோடும் வரும். பொச்சுமட்டை நுளம்புக்கு நல்லது, கோழிக்கு அல்ல. கண்டல் மரத்தில் நல்ல கரி வரும் என்று களப்புப் பக்கம் ஒருவர் ஆசை காட்டினார். அது பாதுகாக்கப்பட்ட மரம், அந்தப் பேச்சே வேண்டாம்.

விறகைத் தண்ணீரில் ஊறவைக்கத் தேவையில்லை. ஊறியது முதலில் ஆவியைத்தான் விடும். குழாயால் வருவது தடித்த வெள்ளைப் புகை என்றால் பொறுங்கள். மெல்லிய நீலம் கண்டபிறகு இறைச்சியை வையுங்கள்.

அறக்குளா, சூரை புகை போடலாமா?

திருகோணமலையில் இருந்துகொண்டு மீன் போடாவிட்டால் ஸ்மோக்கர் எதற்கு? ஒரு லீற்றர் தண்ணீருக்கு 70 கிராம் உப்புப் போட்டு, இரண்டு விரல் தடிப்புத் துண்டுகளை ஒன்றரை மணித்தியாலம் ஊறவிடுங்கள். எடுத்துத் துடைத்து, ஈ அண்டாமல் மின்விசிறிக் காற்றில் ஒரு மணித்தியாலம் வைத்தால் மேலே பசை மாதிரி ஒரு தோல் படியும். புகை அதில்தான் ஒட்டும். பிறகு 90, 100 பாகையில் ஒரு மணித்தியாலம், உட்சூடு 63 வரும் வரை.

சூரையும் அறக்குளாவும் வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் உண்டாகும். சமைத்தாலும் புகை போட்டாலும் அது போகாது, உடம்பு சிவந்து தடித்துவிடும். பிடித்த நேரத்திலிருந்து ஐஸில் இருந்த மீனாக எடுங்கள்.

வெளிநாட்டு சல்மன் மாதிரி வேகவைக்காமல் குளிர்புகை போடுவதை மறந்துவிடுங்கள். அதற்கு 30 பாகைக்குக் கீழே நிற்க வேண்டும். நெருப்பே மூட்டாமல் எங்கள் பெட்டிக்குள் 35 இருக்கிறது.

முதல் சமையல் எதில் தொடங்குவது?

கோழியில். மலிவு, மூன்று மணித்தியாலத்துக்குள் முடியும், பிழைத்தாலும் கறி வைக்கலாம். 110 பாகையில் கோழித் தோல் றப்பர் மாதிரி வரும், ஆகவே துவாரத்தைத் திறந்து 150 க்கு ஏற்றுங்கள்.

மாட்டிறைச்சி வாங்கும்போது கத்தி இறங்குவதற்கு முன்னாலேயே வாயைத் திறக்க வேண்டும். பழக்க தோஷத்தில் கறித்துண்டாக வெட்டித் தள்ளிவிடுவார்கள். ஊர் மாட்டில் கொழுப்புக் குறைவு, நெஞ்சை விடத் தோள் பகுதி நன்றாக வரும். ஆட்டுத் தோளும் அப்படியே, மிளகும் உப்பும் உள்ளியும் போதும்.

இன்னொன்று, இது சமையல் விஷயம் இல்லை. எங்கள் வீட்டுக்குக் கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் நண்பர்கள் வருவார்கள், சில நேரம் தயிர்ச் சட்டியோடு. அதனால் எங்கள் பெட்டிக்குள் பன்றி ஏறியதே இல்லை, இறைச்சியும் ஹலால் கடையில்தான். "தட்டைக் கழுவினால் சரிதானே" என்று கேட்பவர்கள் உண்டு. சரியில்லை. யார் யார் உங்கள் வீட்டில் சாப்பிட வேண்டும் என்று முதல் நெருப்புக்கு முன்பே முடிவெடுங்கள். மரக்கறி மட்டும் சாப்பிடும் அம்மாவுக்கு ஒரு தட்டு தனியாக, எப்போதும் உச்சியில். கீழே வைத்தால் மேலிருந்து இறைச்சிக் கொழுப்புச் சொட்டும்.

பாவித்தது வாங்கலாமா?

தாராளமாக. நிலாவெளிப் பக்கம் சுற்றுலாச் சீசன் முடிந்த பிறகு விசாரியுங்கள். கொண்டுபோக வேண்டியது ஒரு காந்தம், ஒரு நூறு ரூபாய் நோட்டு, ஒரு திருப்புளி. திருப்புளி முனையால் அடித்தகட்டைக் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் வந்த ஓட்டோவிலேயே திரும்புங்கள்.

கோட்டைப் பக்கம் வீடு. அங்கே திரிகிற மான்கள் வந்து தட்டிவிடாதா?

உண்மையாகவே ஒருவர் கேட்டார். மானுக்கு இறைச்சியில் நாட்டம் இல்லை. நீங்கள் பக்கத்தில் வைத்த வாழையிலையையும் மரக்கறித் தோலையும்தான் தின்னும். வில்லங்கம் பூனையும் காகமும். கீழ்க் கொக்கியைப் போட மறந்த ஒரு நாள், நான் தேத்தண்ணி குடித்துவிட்டு வருவதற்குள் அடித்தட்டுக் கோழி ஒன்று மதில் ஏறிவிட்டது. அதனால்தான் கதவுக்கு இரண்டு கொக்கி என்று சொன்னேன்.